அடைக்கலப் பொருள்: சமூக ஆய்வும் தகவலாளியின் அந்தரங்கமும்

இயற்கை விஞ்ஞானங்களுக்கும் சமூக விஞ்ஞானங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகள் பலவாறாக எடுத்துக் கூறப்படுவதுண்டு. ஆயினும், அவற்றுள் மிக எளிமையான ஒன்று பெரும்பாலும் கூறப்படாமலே விடப்படுகிறது. பாறையை ஆராய்பவரிடம் பாறை எதனையும் நம்பி ஒப்படைப்பதில்லை. சமூகத்தை ஆராய்பவரிடமோ மனிதர் தமது வாழ்க்கையின் ஒரு பகுதியை நம்பி ஒப்படைக்கின்றனர். வருமானம், கடன், குடும்பப் பிணக்கு, அரசியற் சார்பு, அச்சம் முதலியனவாக, அயலவர்க்கும் கூறாத பலவற்றை, முன்பின் அறியாத ஒருவரிடம் அவர்கள் கூறுகின்றனர். இவ்வாறு பெறப்பட்ட தகவலுக்கு ஆய்வாளர் உடைமையாளரா, அன்றிக் காவலரா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு எமது வகுப்பறைகளிலும் கைந்நூல்களிலும் ஆயத்தமான விடையொன்று உண்டு. தகவலாளியின் பெயரை மறைத்துவிடுக. அவரது சம்மதத்தைக் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்க. அதன்பின் தகவல் ஆய்வாளருக்கு உரியது. பெயர் மறைப்பும் சம்மதமும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. அவை போதியவை அல்ல என்பதே எனது துணிபு. இத்துணிபுக்கு நூல்கள் வாயிலாக மட்டும் நான் வந்து சேரவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நேர்மையாகும்.

எனது ஆய்வேட்டின் பொருட்டு வடபகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். நுண்கடன் நிறுவனங்களிடம் பெண்கள் பெறும் கடன் அவர்தம் குடும்ப வாழ்க்கையை எவ்வாறு பாதித்துள்ளது என்பது ஆய்வுப் பொருள். ஐம்பதுக்குக் குறைவான குடும்பங்களே அங்கு வாழ்ந்தன. ஒவ்வொரு வினாக்கொத்திலும் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கத்தையே இட்டேன். கற்பித்தபடியே செய்கிறோம் என்ற நிறைவும் எனக்கிருந்தது. ஓரிரவு, நிரப்பிய வினாக்கொத்துகளை நான் தங்கியிருந்த வீட்டின் விறாந்தை மேசையில் வைத்துவிட்டு உறங்கச் சென்றேன். காலையில் எழுந்து வந்தபோது, ஊர்ச் சங்கமொன்றின் பொறுப்பாளர் ஒருவர் தேநீர் அருந்தியவாறு அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் தீய எண்ணத்துடன் அதனைச் செய்தார் என்று கூறுவதற்கில்லை. மேசையில் வைத்தவன்றோ பிழை செய்தவன்? எனினும், பெயர்கள் இல்லைத்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நான்கு நாட்களின் பின், முதன்முறை சென்றபோது என்னை இருத்தி வைத்து நெடுநேரம் பேசிய பெண்ணொருவர், இம்முறை படலையடியிலேயே என்னை மறித்தார். கோபத்துடனன்றி, களைப்புடனேயே அவர் பேசினார்: “பேர் எழுதேல்லைத்தான் பிள்ளை. ஆனால் மூண்டு பொம்பிளைப் பிள்ளையளோட தையல் மெசினை நம்பிச் சீவிக்கிறவள் இந்த ஊரிலை நான் ஒருத்திதானே?” அவரது மூத்த மகளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் எத்தனை நிறுவனங்களுக்குக் கடன்பட்டிருந்தார் என்பது அதுகாறும் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

அவரது அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்த உண்மையைச் சமூகவியல் உலகம் கற்றுக்கொள்வதற்கு ஒரு பெரும் சர்ச்சை தேவைப்பட்டது. அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகம் நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடத்திய ஆய்வுத் திட்டத்தில் களப் பணிப்பாளராக இருந்தவர் ஆதர் விடிச். ஊரவர் எவரும் இனங்காணப்படும் வகையில் எதுவும் வெளியிடப்படமாட்டாது என்று அத்திட்டம் ஊராருக்கு வாக்களித்திருந்தது. பின்னர், 1958 ஆம் ஆண்டில், விடிச்சும் ஜோசப் பென்ஸ்மனும் அவ்வூரின் அதிகார அமைப்புப் பற்றி நூலொன்றை வெளியிட்டனர். ஊருக்கு ‘ஸ்பிறிங்டேல்’ என்று புனைபெயர் சூட்டப்பட்டது. ஊர்ப் பிரமுகர்களுக்கும் அவ்வாறே. வெளியுலக வாசகருக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை. ஆனால் ஊரார் முதல் வாசிப்பிலேயே ஒவ்வொருவரையும் இனங்கண்டு கொண்டனர். பின்னர் யூலை 4 ஆம் திகதி நடைபெற்ற சுதந்திர தின ஊர்வலமொன்றில், நூலிலுள்ள புனைபெயர்களைச் சூடிக்கொண்டு முகமூடியணிந்தோர் வண்டிகளில் வந்தனர். இறுதியாக வந்த எரு வண்டியில், எருவின்மேற் குனிந்தவாறு நூலாசிரியரின் உருவப் பொம்மை வைக்கப்பட்டிருந்தது.

இந்நிகழ்ச்சி நகைப்பை விளைவிக்கக்கூடும். எனினும் அதன் உட்பொருள் மனங்கொள்ளத்தக்கது. பெயர் மறைப்பு என்பது ஒருவரைத் தொலைவிலுள்ள அந்நியரிடமிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் அந்நியரால் அவருக்கு விளையக்கூடிய கேடு யாது? அவரது மானத்தையும் பிழைப்பையும் உறவையும் கெடுக்க வல்லவர்கள் அயலவரும் உறவினரும் முதலாளியும் அதிகாரிகளுமேயாவர். எவரிடமிருந்து காப்பு வேண்டுமோ அவரிடமிருந்து காக்காமல், எவரிடமிருந்து காப்பு வேண்டாமோ அவரிடமிருந்து மட்டும் காப்பதே பெயர் மறைப்பின் இயல்பாக அமைந்துவிடுகிறது.

சிற்றூர் என்பதனாலேயே இவ்வாறு நேர்ந்தது, பெருந்தொகையினரைப் பற்றிய தரவுகளில் தனியாள் மறைந்துவிடுவார் என்று எவரேனும் கருதலாம். இக்கருத்தும் இன்று செல்லுபடியாகாது. பிறந்த திகதி, பால், தபாற் குறியீட்டெண் ஆகிய மூன்று விவரங்களைக் கொண்டே அமெரிக்க மக்களுள் 87 சதவீதத்தினரைத் தனித்து இனங்காணுதல் சாத்தியமாகும் என்று, 1990 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் அடிப்படையில் லற்றான்யா சுவீனி என்னும் கணினியியலாளர் எடுத்துக்காட்டினார். தனித்தனியே நோக்குமிடத்து இம்மூன்றும் எவ்விதத் தீங்குமற்ற செய்திகள். ஒன்றுசேரும்போது அவை பெயராகிவிடுகின்றன.

2008 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இன்னொன்று, மாணவராகிய எம்மை நேரடியாகத் தொடுவது. பல்கலைக்கழகமொன்றில் ஒரே ஆண்டிற் சேர்ந்த 1,640 மாணவரின் முகநூற் பக்கங்களிலிருந்து நட்பும் இரசனையும் பற்றிய தரவுகளை ஆய்வாளர் குழுவொன்று திரட்டி, பெயர்களை நீக்கி, ஏனைய ஆய்வாளர் பயன்பாட்டிற்கென வெளியிட்டது. பல்கலைக்கழகத்தின் பெயரும் மறைக்கப்பட்டிருந்தது. மைக்கல் ஸிமர் என்பார் அத்தரவுகளைத் திறந்து பார்க்காமலே, தரவுகளை விளக்கும் கையேட்டையும் வெளிவந்த ஏனைய விவரங்களையும் மட்டும் ஒப்புநோக்கி, அது ஹாவாட் பல்கலைக்கழகமே என்பதைக் கண்டறிந்தார். தரவுகள் பின்னர் பொதுப் பயன்பாட்டிலிருந்து அகற்றப்பட்டன. மாணவர் தாமே முகநூலில் இட்டவைதாமே, அவற்றில் அந்தரங்கம் யாது என்ற வாதமும் அப்போது எழுந்தது. நண்பர் வட்டத்தினுள் சிரித்துக்கொண்டு கூறிய ஒன்றை, அவ்வட்டத்தைச் சேர்ந்த ஒருவரைக் கொண்டே பிரதிசெய்வித்து ஆவணமாக்குவது, வீட்டு முற்றத்திற் பேசியதைச் சந்தையில் முழங்குவதற்கு ஒப்பானதே. ஒரு செய்தி எவ்விடத்தில், எவருக்காகக் கூறப்பட்டது என்பதும் அச்செய்தியின் பகுதியாகும். அதனை நீக்கிவிட்டு எஞ்சியதைத் ‘தரவு’ என்று அழைக்கிறோம்.

இனி, சம்மதம் என்னும் இரண்டாவது காப்பை நோக்குவோம். அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் கல்லூரி 2001 ஆம் ஆண்டிலிருந்து வட அயர்லாந்து மோதலின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் திட்டமொன்றை மேற்கொண்டது. ஆயுதக் குழுக்களின் முன்னாள் உறுப்பினர் பலர் தாம் செய்தவற்றையும் அறிந்தவற்றையும் மனந்திறந்து கூறினர். தாம் உயிருடன் இருக்கும்வரை அவை வெளிவரமாட்டா என்ற வாக்குறுதியே அவர்களைப் பேசவைத்தது. சம்மதம் முறையாகப் பெறப்பட்டது. பத்திரத்தில் கையொப்பமும் இடப்பட்டது. ஆனால் சட்டம் இடமளிக்கும் அளவிற்கே இரகசியம் காக்கப்படும் என்ற வரையறை பேட்டியளித்தோர் கையொப்பமிட்ட பத்திரத்தில் இடம்பெறவில்லை. 2011 ஆம் ஆண்டில், பிரித்தானிய அதிகாரிகளின் வேண்டுகோளின்பேரில், அமெரிக்க நீதிமன்றம் வாயிலாக அவ்வொலிப்பதிவுகள் கோரப்பட்டன. நெடிய வழக்கின் பின் ஒரு பகுதி கையளிக்கப்பட்டது. 2014 இல் ஜெரி அடம்ஸ் கைதாகி நான்கு நாட்கள் விசாரிக்கப்பட்டு, குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார். 2019 இல், இப்பதிவுகளைச் சான்றாகக் கொண்டு நடந்த வழக்கொன்றில், அவை நம்பத்தகாதவை என்று நீதிமன்றம் அவற்றை ஒதுக்கியது.

இதில் ஆய்வாளர் பொய்யுரைத்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. தம்மால் நிறைவேற்ற இயலாத ஒன்றை வாக்களித்தனர் என்பதே பிழை. தனது ஆற்றலுக்கு அப்பாற்பட்டதை வாக்களிப்பவர், எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும், கேட்பவரின் சம்மதத்தைப் பிழையான விலைக்கு வாங்கிவிடுகிறார். சம்மதம் என்பது கையொப்பமன்று. நேரக்கூடியதை உணர்ந்து இசைவதே சம்மதம். நேரக்கூடியதை ஆய்வாளரே உணராதபோது தகவலாளி எதற்கு இசைந்தார் என்று கூறுவது?

ஆயினும் இவ்வழக்கின் மறுபுறத்தையும் மறைத்தலாகாது. அப்பதிவுகள் கோரப்பட்டது, 1972 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டு, இரகசியமாகப் புதைக்கப்பட்ட ஜீன் மக்கொன்வில் என்னும் பெண்ணின் கொலையை விசாரிப்பதற்காகும். அவர் பத்துப் பிள்ளைகளின் தாய், கணவனை இழந்தவர். 2003 ஆம் ஆண்டிலேயே அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. தாய்க்கு நேர்ந்ததை அறியும் உரிமை பெரிதா, பேசியவருக்கு அளித்த வாக்குப் பெரிதா? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் ஆண்டுக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் நாட்டில் வாழும் எமக்கு இஃது அயலார் வினா அன்று. இதற்கு எளிய விடையுண்டு என்று நான் கருதவில்லை. ஒன்றை மட்டும் துணிந்து கூறலாம்: இவ்வினாவை ஒலிப்பதிவுக் கருவியை இயக்குவதற்கு முன்னரே கேட்டிருத்தல் வேண்டும். பின்னர் கேட்கும்போது, எவ்விடை கூறினும் எவரேனும் ஒருவர் ஏமாற்றப்பட்டவராகவே இருப்பார்.

ஒரு நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டது இன்னொரு நோக்கத்துக்குப் பயன்படும் என்பதற்கு எமது வரலாற்றிலேயே கசப்பான சான்றுண்டு. 1983 யூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிச் சென்று தாக்கியோர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் காணப்பட்டதாக அக்காலத்தில் உயிர்தப்பியோர் பலர் சாட்சியம் கூறியுள்ளனர். வாக்குரிமையின் அடையாளமாக எழுதப்பட்ட பெயர், வீட்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று. அப்பெயரை எழுதிய எழுதுவினைஞர் எவரும் அதனைக் கருதியிருக்கமாட்டார். பட்டியலைத் தயாரித்தவரின் நோக்கம் பட்டியலுடன் கூடவே பயணம் செய்வதில்லை. எமது வினாக்கொத்துகளுக்கும் கணினியிற் சேமித்த அட்டவணைகளுக்கும் இது பொருந்தும்.

இவ்விடத்து இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை கூறுதல் அவசியமாகிறது. முதலாவது, இவ்வாறெல்லாம் அஞ்சினால் சமூக ஆய்வே நடைபெறாது. உண்மையை எழுதினால் எவரேனும் புண்படவே செய்வர் என்பது. ஸ்பிறிங்டேல் நூலாசிரியர் தரப்பில் முன்வைக்கப்பட்ட வாதத்தின் சாரமும் இதுவே. இதில் உண்மையின் ஒரு கூறு உண்டு. அந்தரங்கம் என்ற போர்வையை அதிகாரமுடையோர் தம் செயல்களை மறைப்பதற்குப் பயன்படுத்துவர். கடன் வழங்கும் நிறுவனம் எவ்வட்டியை அறவிடுகிறது என்பது அந்தரங்கமன்று. கடன்பட்ட பெண் எவரிடம் எவ்வளவு பெற்றார் என்பது அந்தரங்கமாகும். பொதுக் கடமையில் ஒருவர் செய்ததை வெளிக்கொணர்தல் வேறு. வலிமையற்ற ஒருவர் நம்பிக் கூறியதை வெளிப்படுத்தல் வேறு. ஆனால் நடைமுறையில் நிகழ்வது யாது? அதிகாரமுடையோரின் கதவை ஆய்வாளர் எளிதில் தட்டுவதில்லை; தட்டினும் அது திறப்பதில்லை. வறியோரின் படலையோ எப்போதும் திறந்தே கிடக்கிறது. ஆகவே எமது அட்டவணைகளில் வறியோரின் வாழ்வே நிறைந்துள்ளது. துணிவை அவர்கள்மீது காட்டுதல் துணிவாகாது.

இரண்டாவது ஆட்சேபம், இவற்றையெல்லாம் சட்டமும் நெறிமுறைக் குழுக்களும் பார்த்துக்கொள்ளும் என்பது. 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெல்மொன்ற் அறிக்கை, மனிதர்க்கு மதிப்பளித்தல், நன்மை பயத்தல், நீதி என்னும் மூன்று கோட்பாடுகளை வகுத்தது. எமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் நெறிமுறைக் குழு ஆய்வு தொடங்கும் முன்னர் கூடுகிறது. விறாந்தை மேசையோ இரவு பத்து மணிக்கு வருகிறது. அங்கே குழுவுமில்லை, சட்டமுமில்லை. உறக்கக் கலக்கத்திலுள்ள ஆய்வாளரும் ஒரு கட்டுக் காகிதமும் மட்டுமே உண்டு.

எனவே, சட்டத்துக்கு முந்திய ஓர் உணர்வு தேவைப்படுகிறது. அதற்குரிய சொல்லைத் தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளான மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டமைக்கு மாதரி எவ்வகையிலும் பொறுப்பாளியல்லள். எனினும் தன்னிடம் அடைக்கலமாக வந்தோரைக் காக்கத் தவறிவிட்டோம் என்ற துயரால் அவள் தீயிற் புகுந்து உயிர் துறக்கிறாள். அடைக்கலப் பொருள் என்பது உடைமைப் பொருளன்று. அதனைப் பெற்றவர் பயன்படுத்தலாம் என்றோ, விற்கலாம் என்றோ, தம் விருப்பப்படி பிறருக்குக் காட்டலாம் என்றோ ஒருபோதும் கருதப்படுவதில்லை. ஒப்படைத்தவர் மீளக் கேட்கும் உரிமையை இழப்பதுமில்லை. தகவலாளியின் கூற்றை இக்கண்கொண்டு நோக்கின் எமது நடைமுறை பலவாறு மாறும். தேவையற்றதை வினவமாட்டோம், காக்க இயலாததைக் காப்போம் என்று கூறமாட்டோம், எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் அதனை அவ்வூர் அயலவரின் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்ப்போம், ஆய்வு முடிந்ததும் எதனை அழிப்பது, எதனை எவரிடம் வைப்பது என்று முன்னரே முடிவுசெய்வோம்.

மாதரியைப் போலத் தீயிற் புகுமாறு எவரும் எம்மைக் கேட்கவில்லை. பெரும்பாலும், அட்டவணையொன்றின் ஒரு வரியை விட்டுவிடுமாறே கேட்கப்படுகிறது. எனது ஆய்வேட்டின் மிகச் சிறந்த அட்டவணை, தொழிலையும் குடும்ப அமைப்பையும் கடன் தொகையையும் ஒருங்கே காட்டிய ஒன்று. அதில் பல கட்டங்களில் ‘1’ என்ற எண் இருந்தது. முன்னர் அதனை வெறும் எண்ணாகவே கண்டேன். பின்னர், ஒவ்வொரு ‘1’ உம் ஒரு படலையாகத் தெரிந்தது. பிரிவுகளை ஒன்றுசேர்த்து அவ்வட்டவணையைப் பரும்படியாக்கினேன். எனது முடிவு அதனால் வலுவிழந்தது. ஆய்வேட்டைப் பரிசீலித்தவரும் அதனைச் சுட்டிக்காட்டினார். அவர் கூறியது சரியே. சில உண்மைகளை அறிந்தும் எழுதாதிருத்தல் அறிவுக்கு இழப்பே. அவ்விழப்பை ஆய்வாளர் ஏற்கவேண்டும். தகவலாளியின் தலையில் ஏற்றலாகாது.

இக்கட்டுரையை எழுதுவதற்கு முன் அப்பெண்மணியிடம் மீண்டும் சென்றேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். இதனைப்பற்றி எழுதலாமா என்றும் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “ஊரையும் தொழிலையும் மாத்திப்போட்டு எழுது பிள்ளை. இனி வாற பிள்ளையளெண்டாலும் கவனமா இருக்கட்டும்” என்றார். அவ்வாறே மாற்றியிருக்கிறேன். மகளின் சம்பந்தம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. அது நான் கேட்டறிவதற்குரிய தகவலன்று என்பதை அப்போது உணர்ந்திருந்தேன்.